பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற வேலை

2011 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ3 சில்லு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்றைக்கு நடுத்தரக் குடும்பங்கள் பரவலாக வாங்கிய வகை. ‘ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு, எடைக்குப் போட்டுடலாம்’ என்பதுதான் வீட்டில் அதைப் பற்றிய தீர்ப்பாக இருக்கும். அந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. ஐ3 வரிசையில் அப்போது பரவலாக விற்ற ஒரு சில்லு நொடிக்கு 330 கோடி முறை துடித்தது. இன்று மின்சாரம் கொடுத்தாலும் அதே 330 கோடி முறைதான் துடிக்கும். அந்தத் துடிப்புக்கு அடிப்படை மதர்போர்டில் உள்ள குவார்ட்ஸ் படிகம். பதினைந்து ஆண்டில் அது களைத்துப்போவதில்லை.

இன்னொரு உண்மையும் உண்டு. இன்றைய புதுச் சில்லுகளும் துடிப்பு வேகத்தில் அதைவிட வெகுதூரம் ஓடிவிடவில்லை. 1995 இல் பென்டியம் சில்லு 133 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 2004 இல் பென்டியம் 4 சில்லு 3.8 ஜிகாஹெர்ட்ஸைத் தொட்டது. பத்து ஆண்டுக்குள் ஏறத்தாழ 28 மடங்கு! அதன் பிறகு இருபது ஆண்டு கடந்தும் வீட்டுக் கணினிகள் 6 ஜிகாஹெர்ட்ஸைச் சுற்றியே நிற்கின்றன. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறையும், அதனால் சூடு ஏறாமலே வேகத்தைக் கூட்டலாம் என்று 1974 இல் ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டியிருந்தார்கள். 2005 ஐ ஒட்டி அந்த வழி அடைபட்டது. மின்னழுத்தத்தை மேலும் குறைத்தால் அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களிலும் மின்னோட்டம் கசியத் தொடங்கியது. வேகத்தைக் கூட்டினால் சில்லு கொதித்தது. ஆகவே தயாரிப்பாளர்கள் ஒரே சில்லுக்குள் பல மையங்களை வைப்பதற்கும், ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை வாங்குவதற்கும் திரும்பினார்கள். அதில் நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் 1995 இன் கணினி 2004 இல் எவ்வளவு பழசாகத் தெரிந்ததோ, அவ்வளவு பழசு அல்ல நம் வீட்டு மூலையில் கிடக்கும் 2011 இன் கணினி.

அப்படியானால் அது ஏன் இவ்வளவு தவிக்கிறது? முதல் காரணம் ஹார்ட் டிஸ்க். அதற்குள் காந்தப் பூச்சு பூசிய தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. ஒரு தகவலைப் படிக்க வேண்டுமானால் முதலில் படிக்கும் தலையைத் தாங்கிய கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சராசரியாக 9 மில்லி நொடி. பிறகு அந்தத் தகவல் சுழன்று தலைக்குக் கீழே வர வேண்டும். சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்குச் சற்று அதிகம். மொத்தம் 13 மில்லி நொடி. நமக்கு அது கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை. சில்லுக்கோ அந்த 13 மில்லி நொடி என்பது நாலு கோடிக்கு மேற்பட்ட துடிப்புகள், அத்தனையும் சும்மா காத்திருந்தே கழிகின்றன. இந்தக் கணக்குப்படி சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு 75 இடங்களிலிருந்துதான் எடுக்க முடியும். கணினியைத் திறந்ததும் இயங்குதளம் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. நாம் காபி குடித்துவிட்டு வரும்வரை பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு விடாமல் மினுங்குவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் ரேம். 2011 இல் 4 ஜிபி தாராளம். இன்று உலாவியில் நாலைந்து பக்கம் திறந்தாலே அது நிரம்பிவிடும். நிரம்பியதும் இயங்குதளம் அப்போதைக்கு வேண்டாதவற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி இடம் பண்ணுகிறது. சமையல் மேடையில் இடமில்லாமல் ஒவ்வொரு டப்பாவையும் பரணில் ஏற்றி இறக்கிச் சமைப்பது போன்ற அவஸ்தை இது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க நானோ நொடிகள் போதும், டிஸ்க்கிலிருந்து எடுக்க மில்லி நொடிகள் வேண்டும். ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்.

இந்த இரண்டையும் தீர்த்துவிட்டால் அந்தக் கணினி வேறு ஆளாகிவிடும். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி. அதற்குள் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. நொடிக்கு 75 என்றிருந்தது பல்லாயிரமாகிறது. பழைய மதர்போர்டு எஸ்எஸ்டியின் முழு வேகத்தை வாங்க முடியாது என்று சிலர் தயங்குவார்கள். தயக்கமே வேண்டாம். நமக்கு வேண்டியது அள்ளிக் கொட்டும் வேகம் அல்ல, காத்திருப்பு ஒழிவதுதான். அது பழைய இணைப்பிலும் ஒழியும். இன்னொரு 4 ஜிபி ரேம் சேர்த்தால் போதும். அது டிடிஆர்3 வகையாக இருக்க வேண்டும். டிடிஆர்4 இன் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் பள்ளத்தில் உட்காரவே உட்காராது. சென்னை ரிட்சி தெருவிலும் மற்ற ஊர்களின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளிலும் பழைய டிடிஆர்3 தாராளமாகக் கிடைக்கும்.

கையோடு பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தூசியையும் தட்டிவிட வேண்டும். சில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் விசிறிக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய பசை காய்ந்து மண்ணாக உதிரும். வெப்பம் வெளியேறாவிட்டால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். பழசைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதுப் பசை வைத்தால் வேலை முடிந்தது. மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் அதற்குள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகிக் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல் செருகியிருக்கும் 3 வோல்ட் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப்போனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி கணினி தயாரான ஆண்டுக்கே போய் நிற்கும். அப்புறம் எந்த இணையதளமும் திறக்காது, ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று உலாவி மறிக்கும். இணையதளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கணக்கில் அந்தத் தொடக்க நாள் இன்னும் வரவே இல்லை, ஆகவே அது நம்ப மறுக்கிறது. இணையமே போய்விட்டது என்று ஒதுக்கப்பட்ட கணினிகளில் சிலவற்றுக்கு இந்த ஒரு வில்லையே வைத்தியம்.

இயங்குதளம் அடுத்த கேள்வி. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வாக்கிலோ அதற்குப் பின்னரோ வந்த சில்லும் கேட்கிறது. 2011 இன் ஐ3 இரண்டாம் தலைமுறை. அதற்கு உள்ள நல்ல வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபியில் வசதியாக ஓடும். அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய கணினிகளுக்கென்றே ஆனது போல் லேசாக இருக்கும். ஒரு பென் டிரைவில் எழுதி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். தமிழில் தட்டச்சு செய்ய எல்லா வசதியும் உண்டு.

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு இது புதிதும் அல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கணினி கிடைத்தது. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. அன்று படித்தவர்கள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். மடிக்கணினி பேட்டரி போய், பையோடு அலமாரியில் கிடக்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்பவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

எல்லாம் சரி, அதற்கு என்ன வேலை கொடுப்பது? பலரும் இங்கேதான் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். புதுக் கணினி செய்யும் அதே வேலைகளை, குறிப்பாக இணைய உலாவலை, அதன் தலையில் கட்டிவிட்டு ஏமாற்றமடைகிறார்கள். இணையத்தின் பசி ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. 2010 இல் நடுத்தரமான ஓர் இணையப் பக்கம் அரை எம்பி இருந்தது, இன்று இரண்டரை எம்பியைத் தாண்டிவிட்டது. திருக்குறள் 1,330 குறளும் யூனிகோடில் அரை எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு செய்தித் தளத்தின் முகப்பைத் திறக்கும்போது ஐந்து திருக்குறளுக்கு மேல் இறங்குகிறது, அதில் நாம் படிப்பது நாலு வரி. பழைய கணினிக்குக் கொடுக்க வேண்டியவை, காலம் போகப் போகத் தேவை வளராத வேலைகள். எழுத்து அப்படி ஒன்று. நூல்கள் அப்படி. எல்லாவற்றையும்விட, ஏற்கனவே உருவாகி முடிந்துவிட்ட பழைய பதிவுகள் அப்படி. ஒரு கேசட்டில் 1988 இல் என்ன பதிவானதோ அதற்கு மேல் ஒரு துளியும் இனி சேரப்போவதில்லை.

கேசட் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பழைய டெஸ்க்டாப் புது மடிக்கணினியைவிட உண்மையாகவே மேலானது. அதன் பின்புறத்தில் மூன்று வண்ணத் துளைகள் இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க. அந்த வெளிர்நீலத் துளை இன்றைய மடிக்கணினிகளில் கிடையாது. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஸ்டீரியோ வயரை அங்கே செருகினால் போதும். தவறிப்போய் மைக் துளையில் செருகினால் ஒலி கிழிந்து கேட்கும், ஏனென்றால் அது மெல்லிய மைக் ஒலியைப் பல மடங்கு பெருக்குவதற்கானது.

அந்தக் காலத்து ஒலி வசதி இதற்குப் போதுமா? தாராளமாகப் போதும். மனிதச் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். ஓர் ஒலியைப் பிசகாமல் எண்களாக மாற்ற அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும். அதனால்தான் சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள். வீட்டுக் கேசட்டோ 15,000 ஹெர்ட்ஸைத் தாண்டுவதே அரிது. சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 16 பிட் பதிவில் 96 டெசிபல், சாதாரணக் கேசட்டில் 50 முதல் 60 டெசிபல். நாடாவில் இருப்பது முழுவதையும் பழைய மதர்போர்டு வாங்கிக்கொள்ளும். இந்த வேலையின் எல்லையை வகுப்பது நாடா, கணினி அல்ல.

ஆகவே கவனம் செலுத்த வேண்டிய இடம் டேப் ரெக்கார்டர்தான். பருத்திக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்டுப் படிக்கும் தலையைத் துடைத்தால் பழுப்பு நிறத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, மறுபடி பின்னால் ஓட்டிவிட்டுப் பிறகு ஒலிக்கவிட வேண்டும், அப்போதுதான் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் பிரியும். அடுத்தது, தலையின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகு. தலை நாடாவுக்குச் செங்குத்தாக இல்லாமல் இம்மி சாய்ந்திருந்தாலும் உச்ச ஒலிகள் மங்கிவிடும், பேசுவது போர்வைக்குள்ளிருந்து வருவதாகக் கேட்கும். கேசட் ஓடும்போதே அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே கேட்க வேண்டும். ஓர் இடத்தில் ‘ச’வும் ‘ஸ’வும் சட்டென்று கூர்மையாகும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு திருப்பம் தரும் தெளிவைப் பிறகு எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

சில பதிவுகளில் ஒருவர் பேசத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே அதே சொற்கள் மிக மெலிதாகக் கேட்கும். கணினியின் கோளாறு என்று பயப்பட வேண்டாம். சுற்றிவைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு, ஆண்டுக்கணக்கில் அதை ஒட்டியிருந்த அடுத்த சுற்றிலும் லேசாகப் பதிந்துவிடுகிறது. முப்பது ஆண்டு யாரும் தொடாத கேசட்டில் இது இயல்பு.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அழுத்தாத ஸ்டீரியோ ஒலி நொடிக்கு 1,76,400 பைட், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்பி. ஃபிளாக் வடிவில் சேமித்தால் ஒரு துளியும் இழக்காமல் பாதியளவுக்குச் சுருங்கும். எம்பி3 யாக மட்டும் சேமித்துவிட்டு மூலத்தை அழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இடம் மலிந்துவிட்ட காலத்தில் அந்தச் சிக்கனத்துக்கு அவசியமே இல்லை.

எதைப் பதிவு செய்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. திரைப்பாடல் கேசட்டுகளை விட்டுவிடலாம், அவை வேறெங்கும் இருக்கும். உலகில் ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள கேசட்டுகள்தான் முதலில். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களும் அவர்களின் வீட்டாரும் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டு, ஆச்சி பாடிய ஒப்பாரியும் தாலாட்டும், பள்ளி விழாவில் பேசிய அப்பாவின் குரல். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரமும் ஆகும், அதைச் சுருக்க வழியில்லை. பழைய கணினி இருந்தால் அது ஒரு மூலையில் தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டிருக்கும், நம் அன்றாட வேலைக் கணினி நம் கையில் இருக்கும்.

டிவிடி டிரைவும் அதேபோல்தான். புது மடிக்கணினிகளில் அது இல்லை. 2000 களின் கல்யாண வீடியோக்கள் சிடியிலும் டிவிடியிலும் கிடக்கின்றன. வீட்டில் எழுதும் டிஸ்க்குகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் ஈரமும் பட்டு அது மெல்ல வெளுக்கும். பாதியில் சிக்கிக்கொள்ளும் டிஸ்க்குகளுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. சாதாரணமாகக் கோப்பை நகலெடுத்தால் முதல் கீறலிலேயே கணினி முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு அவற்றிடம் திரும்பத் திரும்பப் போகும். அதே டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யலாம். ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.

நம் மொழிக்கே உரிய இன்னொரு வேலையும் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டன. அந்தக் கோப்புகளுக்குள் இருப்பவை தமிழ் எழுத்துகளே அல்ல. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கூளம். தமிழ்நாடு அரசு 2010 இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய பதினைந்து இருபது ஆண்டுகளின் ஊர் வரலாறுகள், குடும்ப வம்சாவளிகள், சிற்றிதழ்ப் படிகள், கட்டுரைகள் பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் இந்த வடிவத்தில் கிடக்கின்றன. சில பேஜ்மேக்கர் கோப்புகளாகவே உள்ளன. அதன் கடைசிப் பெரும் பதிப்பு வந்தது 2001 இல். அந்த எழுத்துருவும் மென்பொருளும் ஒன்றாக நிறுவப்பட்ட நிலையில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே இடம், எடைக்குப் போகவிருக்கும் அந்தக் கணினியாகவே இருக்கக்கூடும். ஆகவே லினக்ஸ் போடும் உற்சாகத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். அதைக் கழற்றிப் பெயரெழுதி வையுங்கள். எஸ்எஸ்டியில் புது இயங்குதளம் ஓடட்டும். கோப்புகளைத் திறக்க வேண்டிய நாளில் இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பழைய டிஸ்க்கை மாட்டி, உரையை வெளியே எடுத்து, எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கலாம்.

இணையமே இல்லாமல் ஒரு நூலகமாகவும் அந்தக் கணினியை வைக்கலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக்கித் தருகிறது. ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபியை ஒட்டி வரும். ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அதில் ஒரு சிறு பங்கு இடம் போதும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும் சேர்த்து வைத்தால், படிக்கும் பிள்ளைக்கு விளம்பரமும் அறிவிப்புச் சத்தமும் இல்லாத ஒரு மேசை கிடைக்கும். சிற்றூர்ப் பள்ளி ஒன்றுக்கு இப்படி ஒரு கணினியைத் தயார்செய்து கொடுப்பதைவிட நல்ல மறுபயன் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுப் படங்களையும் கோப்புகளையும் சேர்த்து வைக்கும் சர்வராக அதை இரவு பகலாக ஓட்டலாம் என்பதுதான் பலர் தரும் முதல் யோசனை. இதில் மின்கணக்கைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. பழைய டெஸ்க்டாப் மானிட்டர் இல்லாமல் சும்மா இருக்கும்போதே 60 வாட் வரை இழுக்கும். நாளைக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் 2016 இல் வீடுகளுக்கு அறிவித்த இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். கிட்டத்தட்ட அது முழுவதையும் இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும். பழைய மடிக்கணினி என்றால் திரையை அணைத்துவிட்டால் 12 வாட் அளவில் நிற்கும், இரண்டு மாதத்துக்கு 17 யூனிட்தான். எப்போதும் ஓட வேண்டிய வேலைக்கு மடிக்கணினியே ஏற்றது. பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜிலும் சூட்டிலும் மாதக்கணக்கில் இருந்தால் உப்பும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

டெஸ்க்டாப்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. பயாஸில் குறித்த நேரத்துக்குத் தானே விழித்துக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான மதர்போர்டுகளில் இருக்கிறது. இரவு 9 மணிக்கு எழுந்து, வீட்டு வைஃபை வழியே எல்லோருடைய கைப்பேசிப் படங்களையும் வாங்கி வைத்துவிட்டு, 10 மணிக்கு அணைந்துவிடச் சொல்லலாம். அப்போது 86 யூனிட் 4 யூனிட்டுக்குக் கீழே வந்துவிடும். சேமிப்புக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் அதன் உடல்நிலைக் குறிப்பைப் பார்ப்பது அவசியம். கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக மாற்றியமைத்த இடங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். எவ்வளவு நல்ல டிஸ்க் என்றாலும் ஒரு பிரதியாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆல்பமும் சிடியும் கணினியும் ஒரே அறையில் ஒன்றாக மூழ்கிய வீடுகள் ஏராளம்.

அறிவியல் ஆய்வுக்குக் கணினி நேரத்தைத் தானமாகக் கொடுக்கலாமே என்பார்கள். அதன் வரலாறு பெருமைக்குரியது. 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம் வேற்றுலக சமிக்ஞைகளைத் தேடும் வேலையை வீட்டுக் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தது. 2020 மார்ச் மாதத்தோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டம் 2010 இல் ஒரு பல்சரையே கண்டுபிடித்தது. அரெசிபோ தொலைநோக்கியின் தரவைச் சலித்து, நொடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் அந்த விண்மீனை முதலில் பிடித்தவை அமெரிக்காவின் ஐயோவாவிலும் ஜெர்மனியின் மைன்ஸிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகள். ஆனால் இன்று 2011 இன் சில்லை இதற்காக ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே கணக்கைப் புதுச் சில்லு மிகக் குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடும். தேவை வளரும் வேலைகளில் இதுவும் ஒன்று.

மின்சாரம் இவ்வளவு ஆகுமென்றால் பேசாமல் புதுசே வாங்கிவிடலாமே? இதற்குப் பதில் ஒரு கணினி பிறக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு டெஸ்க்டாப்பையும் 17 அங்குலக் குழாய் மானிட்டரையும் தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ வேதிப்பொருள், 1,500 கிலோ தண்ணீர் செலவாவதாக ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்துக்காக ருடிகர் கியூரும் எரிக் வில்லியம்ஸும் தொகுத்த நூல் 2003 இல் கணக்கிட்டது. எரிபொருள் மட்டும் பொருளின் எடையைப் போல் பத்து மடங்கு. கார், குளிர்பதனப் பெட்டி போன்றவற்றில் அது ஓரிரு மடங்குதான். சில்லு செய்யும் சிலிக்கானை ஏறத்தாழ முழுத் தூய்மைக்குக் கொண்டுவரவும், தூசியற்ற கூடங்களில் நூற்றுக்கணக்கான படிகளில் அதைச் செதுக்கவும் அவ்வளவு ஆற்றல் வேண்டியிருக்கிறது. அன்றாடம் ஓரிரு மணி நேரம் ஓடும் கணினியில், அதன் வாழ்நாள் மின்சாரத்தைவிடப் பிறப்புச் செலவே கனமானது. அதைக் கூடுதலாக ஐந்து ஆண்டு ஓட்டினால் இன்னொரு பிறப்பு ஐந்து ஆண்டு தள்ளிப்போகிறது. 2022 இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

எல்லாக் கணினிகளையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பென்டியம் 4 காலத்து இயந்திரம் சூட்டையும் மின்சாரத்தையும் வாரி இறைக்கும். அவற்றில் பல 32 பிட் வகை, டெபியன் லினக்ஸ்கூட 2025 இல் வந்த 13 ஆம் பதிப்பில் அந்த வகைக்கு நிறுவியைத் தருவதை நிறுத்திவிட்டது. மதர்போர்டில் கெபாசிட்டர்களின் தலை உப்பிப் பழுப்புக் கசிவு தெரிந்தாலும் விடைகொடுத்துவிடலாம். கேசட்டையும் டிஸ்க்கையும் மாற்றி முடிக்கும்வரை பென்டியம் 4 ஐயும் ஓட்டிக்கொள்ளலாம், அதற்கு அந்த வலு போதும்.

அனுப்பும் முன் ஒரு வேலை பாக்கி. கோப்பை அழித்தாலும், சாதாரணமாக ஃபார்மட் செய்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் தகவல் அப்படியேதான் இருக்கும், பட்டியலிலிருந்து பெயர்தான் நீங்குகிறது. ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் எடைக்கடைக்குப் போய்விடக் கூடாது. லினக்ஸில் உள்ள நீக்கும் கருவியால் டிஸ்க் முழுவதையும் ஒருமுறை சுழியங்களால் நிரப்பினால் போதும். 500 ஜிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டிஸ்க் சுழலவே மறுத்தால் கழற்றி, தட்டுகளில் இரண்டு மூன்று இடங்களில் துளையிட்டுவிடலாம். பிறகு பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமோ, பழையதைத் திரும்ப வாங்கும் ஏற்பாடுள்ள நிறுவனத்திடமோ கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. கொடுக்கும் முன் டிவிடி டிரைவையும் ரேமையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுப் பழைய கணினிக்கு அவை பொருந்தும்.